அடுப்படிக் கேள்வி பதில்: ஃப்ரீசரில் மாம்பழம், வீட்டில் சர்க்கரை

கேள்வி: மே மாதம் தோட்டத்து மாம்பழத்தை நறுக்கி ஃப்ரீசரில் அடைத்து வைத்தேன். அன்னாசியும் நாவல்பழமும்கூட இருக்கின்றன. இப்போது என் கணவருக்குச் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பழத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மில்க் ஷேக் போட்டுத் தரலாமா? வெல்லம் சேர்த்து அல்வா கிளறினால் பரவாயில்லையா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழத்தைக் குப்பையில் போட்டால் ஊர் சும்மா விடாது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மில்க் ஷேக்கும் வேண்டாம், அல்வாவும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்ததால் பழத்தின் இனிப்பு குறைந்துவிடாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று பெயர் மாறினாலும் ரத்தத்தில் சேர்வது சர்க்கரைதான்.

என் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரர் உண்டு, என் மாமியார். அவருக்காக நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: பழம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரக் கூடாது, சாப்பாட்டுக்குள்ளே வர வேண்டும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு ஒரு கிண்ணம் மாம்பழம் என்றால் அது மேல்கணக்கு. அதே பழம் குழம்பில் விழுந்தால் நாலு பேருக்குப் பிரிந்துவிடும். 100 கிராம் மாம்பழத்தில் மாவுச்சத்து சுமார் 15 கிராம், அதே எடைச் சோற்றில் சுமார் 28 கிராம். நாலு பேருக்கான மோர்க்குழம்பில் 200 கிராம் பழம் போட்டால் ஆளுக்கு ஏழெட்டு கிராம்தான் வரும். அவர் தட்டில் இரண்டு கவளம் சோற்றைக் குறைத்துவிட்டால் கணக்கு நேர்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. உறைந்த துண்டுகளை உருக விடாமல் அப்படியே சட்டியில் போட்டு, மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து வேக விடுங்கள். உறைந்த பழம் உருகும்போது தொளதொளத்துப் போய்ச் சாறு விடும். நறுக்கித் தட்டில் வைத்தால் பார்க்கச் சகிக்காது. குழம்புக்கு அந்தச் சாறுதான் ருசி. தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துச் சேர்த்துக் கொதித்ததும் தீயைக் குறைத்து, கடைந்த புளித்த தயிரை ஊற்றி, நுரை கட்டி வரும்போது இறக்கிவிடுங்கள். கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளிப்பு. சிலர் கடைசியில் வெல்லம் கிள்ளிப் போடுவார்கள், உங்களுக்கு அது தேவையில்லை. துண்டுகள் பெங்களூராவாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வெந்தாலும் உருவம் நிற்கும். செந்தூரா என்றால் குழைந்துவிடும், குழையட்டும்.

அன்னாசியை ரசத்துக்கு ஒதுக்குங்கள். பருப்புத் தண்ணீரில் நாலைந்து துண்டுகளை மசித்துப் போட்டால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம். பச்சடி செய்வதானால் ஒரு விஷயம்: அன்னாசியை வேக வைக்காமல் தயிரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அதிலுள்ள ஒரு நொதி தயிரின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. குளிர் அந்த நொதியை ஒன்றும் செய்வதில்லை, சூடுதான் அடக்கும். முதலில் நன்றாக வேக வைத்து, ஆறிய பிறகு தயிர்.

நாவல்பழத்தைக் கொட்டை நீக்கி, மோரில் இஞ்சி, உப்போடு அடித்துக் கொடுங்கள். வடிகட்டாதீர்கள், நார்ச்சத்து உள்ளே இருக்கட்டும்.

புதிதாக எது செய்தாலும் சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஏறும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பழத்தைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறாரே என் நாத்தனார்?
- வாசகி, திருச்சி

பதில்: நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம். பொடி மருந்தின் இடத்தைப் பிடிக்காது. சாப்பிட ஆசை என்றால் டாக்டர் காதில் போட்டுவிடுங்கள்; மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. ஃப்ரீசர் பழத்தை என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் இன்னும் நறநறவென்று இருந்தால் திரும்ப உறைய விடலாம், கொஞ்சம் குழைந்து போகும், அவ்வளவுதான். முழுக்க உருகியும் சில்லென்று இருந்தால் இன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். சூடேறி, புளித்த வாசனை வந்துவிட்டதா? செடிக்கு உரம்.