பழைய 8 மி.மீ. திருவிழாப் படச்சுருளை ஸ்கேன் செய்தால் வேட்டிகள் எல்லாம் வெளுத்துப்போகின்றன. வெள்ளை அளவை எப்படிச் சரிசெய்வது?

படத்தைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். சுருளுக்குப் பின்னால் எரியும் ஸ்கேன் விளக்கை வைத்துச் சரிசெய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் என்னிடம் வரும் சுருள்களில் பாதி இந்தக் கோளாறோடுதான் முன்பு ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. நல்லூர்த் தேரன்று வெயிலில் வடம் பிடிக்கும் கூட்டம் ஒரு காட்சி; தண்ணீர்ப்பந்தல் நிழல் அடுத்த காட்சி. ஸ்கேன் செய்யும் கமராவின் தானியங்கி எக்ஸ்போஷர் (ஒளி அளவைத் தானே மாற்றும் வசதி) நிழலுக்காக ஒளியைக் கூட்டிவிடும். காட்சி வெயிலுக்கு மாறியதும் முதல் சில பிரேம்களில் வேட்டி எரிந்துபோகும். ஆகவே தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி வெள்ளைச் சமநிலை இரண்டையும் முதலில் நிறுத்துங்கள்.

விளக்கு சூடேறி நிலைப்பட்ட பின், சுருள் இல்லாமல் வெறும் ஒளியை மட்டும் படமெடுங்கள். ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) மிகக் குறைந்த அளவில் இருக்கட்டும். ஷட்டர் வேகத்தையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் மாற்றி, 255 வரையான அளவுகோலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 245 அளவில் நிறுத்திப் பூட்டிவிடுங்கள். விளக்கைவிடப் பிரகாசமாகப் படச்சுருளில் எதுவும் இருக்க முடியாது. அதனால் வேட்டியும் தப்பிவிடும். ஓரத்துளையும் பிரேமுக்குள் தெரியும்படி ஸ்கேன் செய்வது நான் விடாத பழக்கம். துளை வழியே வருவது வெறும் விளக்கொளி. சுருளின் நடுவில் அதன் அளவு மாறினால் விளக்கு தளும்புகிறது என்று உடனே தெரிந்துவிடும். வீட்டில் மின்னழுத்தம் ஏறி இறங்குமானால் விளக்கைப் பற்றரியில் எரியவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் வேட்டியில் மடிப்பே தெரியாவிட்டால், ரிவர்சல் சுருளின் (நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படம் தெரியும் சுருள்) தொடக்கத்தில் வெளிச்சம் பட்டுத் தெளிந்துபோன துண்டை அளந்து பாருங்கள். வேட்டியும் அதே எண்ணைக் காட்டினால், அந்த விவரம் படம்பிடித்த அன்றே போய்விட்டது; எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது. எண் குறைவாக இருந்தால் மடிப்பு அங்கேதான் இருக்கிறது, பிறகு கணினியில் வெளிக்கொண்டுவரலாம்.

நிழல்கள் இருண்டுபோனால் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டாம். அடர்த்தி (படச்சுருளின் கருமையை அளக்கும் எண்) 3.0 உள்ள இடம் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியையே விடுகிறது. 8 பிட் ஜேபெக்கில் அது கரைந்துவிடும். 12 பிட் ரோ கோப்பாக (கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள்.

நெகட்டிவ் சுருளென்றால் கணக்குத் தலைகீழ்: அடித்தளம்தான் மிகப் பிரகாசமானது, அதுவே காட்சியின் கறுப்பு. வண்ண நெகட்டிவின் செம்மஞ்சள் அடித்தளம் நீலத்தை விழுங்கிவிடும். கமராவின் கெயினை (மின்சமிக்ஞையின் பெருக்கத்தை) கூட்டினால் புள்ளிகள்தான் மிஞ்சும். விளக்கின் நீல ஒளியையே கூட்டுங்கள்.