ஒன்றரை வருடம் கழித்து அந்தப் போட்டோவை அனுப்பலாமா?

கேள்வி கேட்டவர், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு வயதான தம்பதியைத் திண்ணையில் உட்காரவைத்துப் போனில் படம் எடுத்திருக்கிறார். "பிரிண்ட் போட்டு அனுப்புறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அவர்களே மறந்திருப்பார்கள், இனிமேல் அனுப்பினால் அசிங்கமாக இருக்காதா என்கிறார்.

அனுப்புங்கள். முடிந்தால் இந்த வாரமே.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவர்கள் மறந்திருப்பார்கள் என்று நீங்கள் போடும் கணக்கு எடுத்த எடுப்பிலேயே தப்பு. உங்களுக்கு அது போனில் கிடக்கும் ஆயிரம் படங்களில் ஒன்று. அந்தப் பாட்டி அதற்காக முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து, "சட்டையப் போட்டுட்டு வாங்க" என்று தாத்தாவை உள்ளே அனுப்பியிருப்பார். கல்யாண ஆல்பம் கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் பக்கத்து வீட்டு ஆத்தா ஒருவர் வந்து நிற்பார். "அன்னைக்கி என்னையும் ஒன்னு புடிச்சியே தம்பி, அது வந்துருச்சா?" இதைக் கேட்காமல் நான் திரும்பிய ஊர் குறைவு.

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஒரு வேலையைச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறியிருப்பார். மறுநாள் பேரன் வருவான், கையில் அவருடைய ஆதார் அட்டை. அதில் இருக்கும் தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, மாலை போடுகிற மாதிரி செய்து தர வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவரின் கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில், பாதி மறைந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே வேறு ஆளின் தோள் வரும். அதை அழித்து, கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, பின்னால் நீலம் பூசி, காரியத்துக்குள் பிரேம் போட்டுக் கொடுப்போம். அதற்கப்புறம் அந்த வீட்டில் காலத்துக்கும் அந்தப் படம்தான். அந்த மனிதர் ஒருநாளும் அப்படி இருந்திருக்க மாட்டார்.

உங்கள் போனில் இருவரும் அவர்கள் வீட்டுத் திண்ணையில், சொந்தச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வயதில் ஒன்றரை வருடம் போனதால் அந்தப் படத்தின் மதிப்பு கூடித்தான் இருக்கும்.

தாமதம் அசிங்கம் என்கிறீர்களே, எங்கள் பக்கம் அந்தக் கூச்சம் கொஞ்சம் கம்மி. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும், ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். நீங்கள் வாங்கிய மொய் வருடக்கணக்கில் நோட்டில் இருக்கும். செய்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்வீர்கள். ரொம்ப நாளாகிவிட்டதே என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட முடியாது. சட்டமும் கிட்டத்தட்ட இதே கட்சிதான். கைமாற்றாகக் கொடுத்த கடனுக்குப் பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு தாண்டிய கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது செல்லும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. காலாவதியான கடனுக்கே இவ்வளவு வழி இருக்கிறது. உங்கள் பாக்கி மேக்ஸி சைஸ், அதாவது 4-க்கு 6 அங்குல பிரிண்ட் ஒன்று.

எல்லா வாக்குக்கும் இது பொருந்தாது. "உங்க பையனுக்கு எங்க கம்பெனில சொல்லிப் பாக்கிறேன்" என்று சொல்லி ஒன்றரை வருடம் ஓடியிருந்தால், பையன் அநேகமாக வேறு எங்கோ சேர்ந்திருப்பான். சேராமல் காத்திருந்தால், முடியாது என்று சொல்லிவிடுவது மேல். போட்டோவுக்கு அப்படிக் காலம் கடப்பது கிடையாது.

சரி, எப்படி அனுப்புவது? முதலில் நண்பருக்குப் போன் போட்டு, இருவரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒருவர் இல்லையென்றாலும் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் தபால்காரர் சும்மா போட்டுவிட்டுப் போகக் கூடாது, நண்பர் வீட்டு ஆள் ஒருவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

ஏன் தாமதம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதாதீர்கள். அப்புறம் அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "பாட்டி, அன்னைக்கு எடுத்த படம். லேட்டாயிடுச்சு" என்று ஒரு துண்டுச் சீட்டு போதும். படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம், முன்பக்கம் தடம் தெரியும்.

ஸ்டுடியோவுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 4-க்கு 6 மேக்ஸிக்கு 1200-க்கு 1800 பிக்சல் போதும். சுவரில் மாட்ட 8-க்கு 12 போடுவதென்றால் 2400-க்கு 3600 வேண்டும். ஒரிஜினல் ஃபைலாக இருந்தால் இப்போதைய போன்களில் இது பெரும்பாலும் கிடைத்துவிடும். மேட் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பளபளப்பான பேப்பர் ஈரம் பட்டால் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். முகத்தை வெள்ளையாக்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்கள் கேட்காமலே செய்துவிடுவார்கள்.

இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். பிரதி இரண்டாக இருக்கட்டும். ஒன்றை எப்படியும் மகள் வந்து தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.