உங்கள் மூங்கிலைத் தின்பது மூங்கில் எலி அல்ல

வணக்கம். மட்டக்களப்பு வெல்லாவெளியில் உங்கள் வளவு மூங்கில் அடியில் பொந்து, குருத்துகள் கடிபட்டிருக்கின்றன, வீடியோவில் பார்த்த மூங்கில் எலிதானா என்று கேட்டிருந்தீர்கள். அது இலங்கையிலேயே இல்லை. வடகிழக்கு இந்தியா, பர்மா, சீனா, சுமாத்திரா பக்கம்தான். மூங்கில் வேர்களுக்கிடையே வளை தோண்டி, வேரையும் குருத்தையும் தின்று வாழும். சுமாத்திரா இனம் 4 கிலோ வரை வளரும், அழகான பிராணி!

உங்களுடையது பெரும்பாலும் பெருச்சாளி. பொந்து வாயில் புதுமண் குவிந்திருக்கிறதா, பாருங்கள். வயல் பக்கம் என்றால் உள்ளே நெற்கதிர் சேர்த்து வைத்திருக்கும். பொந்து மிகப் பெரிதாக இருந்து, முள் கிடந்தால் முள்ளம்பன்றி.

நஞ்சு மட்டும் வைக்காதீர்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சேர்ந்து சாகலாம். சாரைப்பாம்பு வந்தால் அடிக்காமல் விடுங்கள், எலி பிடிப்பதில் அது கெட்டிக்காரன்.