"நிதி இல்லை" என்ற பதில் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: சேலம் மாவட்டத்திலுள்ள ஒரு நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து 2024 ஜூனில் ஓய்வு பெற்றேன். மாத ஓய்வூதியம் வருகிறது. எடுக்காமல் சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்புக்கான சம்பளமும், சம்பளத்தில் பிடித்த சிறப்பு சேமநல நிதிப் பணமும் வரவில்லை. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். எனக்குப் பின் ஓய்வு பெற்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. மகள் திருமணத்துக்கு வைத்த நகை அடகிலேயே இருக்கிறது. வழக்குப் போட்டால் ஓய்வூதியத்தையும் நிறுத்திவிடுவார்களோ?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஐயா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். வழக்குத் தொடுத்தார் என்பதற்காக ஒருவருடைய ஓய்வூதியத்தில் கை வைக்க எந்த விதியிலும் இடமில்லை. ஓய்வூதியம் அரசு இரக்கப்பட்டுத் தரும் கொடை அல்ல, ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் 1971-லேயே சொல்லிவிட்டது.

நீங்கள் அனுப்பிய நகராட்சிக் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். "நிதி நிலைமைக்கு ஏற்ப வழங்கப்படும்" என்று ஒரே ஒரு வரி. கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, தேதி போடும் இடம் காலியாக இருக்கிறது. விடிவதற்கு முன் எழுந்து போய் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதருக்கு ஒரு தேதியைக்கூடத் தர மனம் வரவில்லையே என்று வேதனையாக இருந்தது.

நிதி நெருக்கடி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழக அரசின் கடன் சுமையை 2021 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கையே ஒப்புக்கொண்டது. 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 என்று உயர்ந்தபோது, ஓய்வுக்காலப் பணம் கொடுக்க வேண்டிய செலவும் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அன்று தள்ளிப்போன செலவில் உங்கள் பணமும் ஒன்று. அதை இன்னொரு முறை தள்ளிப்போடுவது எந்த வகையில் நியாயம்?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அமர்நாத் கோயல் வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டக்கூடும். நிதிச்சுமையைக் காரணம் காட்டி அரசு முடிவெடுக்கலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது, உயர்த்தப்பட்ட ஒரு பலனை எந்தத் தேதியிலிருந்து கொடுப்பது என்பதைப் பற்றிய வழக்கு. நீங்கள் கேட்பது உழைத்துச் சேர்த்த பழைய பாக்கி. இவ்வகைப் பணத்தைச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் பிடித்துவைக்கக் கூடாது என்று 2013-ல் ஜார்க்கண்ட் அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுப்புச் சம்பளமும் அந்த வழக்கில் அடக்கம். கொரோனாக் காலத்தில் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒத்திவைத்த ஆந்திர அரசையே 6 சதவீத வட்டியுடன் கொடுக்கச் சொன்னார்கள், 2021 பிப்ரவரியில்.

இனி செய்ய வேண்டியது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுக் கொடுங்கள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு யார் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன வரிசைப்படி பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பின்னால் வந்தவருக்கு முன்னால் கொடுத்திருந்தால், "நிதி இல்லை" என்ற வாதம் அந்தக் காகிதத்திலேயே உடைந்துவிடும். கூடவே, வட்டியுடன் பணம் கேட்டு ஆணையாளருக்கு ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான், அதாவது நகராட்சிக்கு உத்தரவிடக் கோரும் மனு. இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேட்டால் அதுதான் கிடைக்கும். பரிசீலித்து, நிதி இல்லை என்று மறுபடியும் எழுதிக் கொடுப்பார்கள். அப்படி இரண்டு முறை சென்னைக்கு அலைந்த முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை வாரத்துக்குள், இத்தனை சதவீத வட்டியோடு பணத்தைக் கொடுக்க உத்தரவிட வேண்டும் என்றே உங்கள் வழக்கறிஞரை எழுதச் சொல்லுங்கள். உத்தரவை மீறினால், மீறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனுத் தாக்கல் செய்துவிட வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். தகுதி இருந்தால் இலவச உதவி உண்டு.

தகவல் உரிமை மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பணிப்பதிவேட்டில் உங்கள் விடுப்புக் கணக்கு உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலையும் அதே மனுவில் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் விடுப்பு இருப்பில் இருந்தது என்பதற்கு அந்தப் பக்கம்தான் சாட்சி.