ஈபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், அண்ணே

போன வாரம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அப்பா மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். எஸ்டேட் லாரி ஓட்டுகிறார். மகளுக்கு எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) ரிசல்ட் நன்றாக வந்துவிட்டது, அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. "அக்கா மகன் டாக்டர், உன் பிள்ளை மட்டும் என்ன குறைச்சலா?" என்று சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம். தனியார் கல்லூரி மருத்துவத்துக்கு ஈபிஎஃப் பணம் (சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு), மிச்சத்துக்குக் கடன் என்று கணக்கே போட்டுவிட்டார்.

ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை.

அண்ணே, அந்தப் படிப்பு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் போகும். 2016 கடைசியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். 2021 ஜூலையில் அவர்களே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றதைப் பார்த்தீர்கள்தானே? தவணை கட்ட அக்கா வருவாரா?

மகள் பேசவே இல்லை. பையிலிருந்து இரண்டு மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்து வைத்தாள். இரண்டிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டச் சரிவில் ஓடிய மழைத்தண்ணீர். ஒன்று மட்டைகளைக் குறுக்கே அடுக்கிய இடத்தில் பிடித்தது, மற்றது வெறும் மண்ணில். அடியில் தங்கிய சேற்றை ரூலர் வைத்து அளந்திருந்தாள்.

இதற்கு வேலை இருக்கிறது. மண்ணைப் பிடிக்க மியூகுனா கொடி, சரிவில் வண்டல் குழி, எலி விஷத்துக்குப் பதிலாக ஆந்தைக்குக் கூடு: எதை எங்கே வைத்தால் எவ்வளவு பலன் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். செம்பனை எண்ணெயை நிலத்தைக் கெடுக்காமல் எடுப்பதற்கான எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், சிறு தோட்டக்காரருக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் 2002 விவசாயச் சட்டத்திலேயே இதற்கென்று ஒரு மானியம் கொண்டு வந்தார்கள். ஆய்வுக்கூடத்து அடிப்படை ஆராய்ச்சிக்கு அதில் காசு கிடையாது. மண்ணையும் நீரையும் காக்கும் புது முறையை விவசாயியின் நிலத்தில் செய்து காட்ட வேண்டும். இந்தப் பெண்ணின் பாட்டிலும் அந்த வகைதான். இங்கேயும் விவசாயத் தொழில் செய்யும் இளையோருக்கு அக்ரோபிரனர் மூடா மானியம் உண்டு. காசாக வராது, கருவியாகவும் இடுபொருளாகவும் வரும். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: மானியம் சம்பளம் இல்லை. அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

செர்டாங்கில் யூபிஎம் என்னும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் படிக்கட்டும். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம், இப்போது அரசுப் பல்கலைக்கழகம்; ஈபிஎஃப்பைக் காலி செய்ய வேண்டாம். அதற்கு முன் படிக்கும் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர யூபியூ விண்ணப்பமெல்லாம் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள்.

"எங்கம்மா ரப்பர் பால்மரம் சீவிப் பட்டது போதாதா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேறு வழி விடவில்லை. இவள் தானாகக் கேட்கிறாள்.

அவர் கலங்கல் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இது எங்க எடுத்தே?"

"நீங்க தினம் லாரி திருப்புற மேட்டுலதாம்பா."