தனி வீட்டில் திருடர் பயமின்றி இருக்க என்ன செய்யலாம்?

புறநகரில் தனி வீடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்கிறோம், பகலில் வயதான அம்மா மட்டும் இருப்பார், திருடர்களிடமிருந்து எப்படிப் பாதுகாத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாம்பரத்தை அடுத்த பகுதியில் ஏறக்குறைய இதே நிலையில் குடியிருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பலரும் முதலில் கேமரா வாங்குகிறார்கள். நான் கதவிலிருந்து தொடங்கச் சொல்வேன். நம் வீடுகளில் பூட்டு கனமாக இருக்கும். ஆனால் அது தொங்கும் நாதாங்கியோ நான்கு சிறிய திருகாணிகளை நம்பி மரத்தில் நிற்கும். கடப்பாரையால் நெம்பினால் பூட்டு உடையாமலேயே நாதாங்கி பெயர்ந்து வந்துவிடும். போதாததற்கு, வெளியே தொங்கும் பூட்டு உள்ளே ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அறிவிக்கிறது. எனவே கதவுக்குள் பதிக்கும் பூட்டைப் பொருத்துங்கள். நாதாங்கிதான் வேண்டுமென்றால், கதவை ஊடுருவி உட்புறம் நட்டு முடுக்கிய போல்ட்டுகளால் அதைப் பிணைக்கச் சொல்லுங்கள். வாசலுக்குத் தேக்கு வாங்கியவர்கள்கூட மொட்டை மாடிக்கு ஒற்றைத் தாழ்ப்பாளோடு பிவிசி கதவு போட்டிருப்பதைப் பார்க்கிறேன். ஜன்னல் கம்பிகளில் ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டுமல்லவா?

கேமராவும் தேவைதான். ஆனால் காட்சிகள் பதிவாகும் பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகே வைத்தால், வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

அம்மாவைப் பொறுத்தவரை பூட்டைவிடப் பழக்கமே முக்கியம். கிரில் கதவைப் பூட்டியபடியே, உள்ளிருந்து பேசி அனுப்பப் பழக்குங்கள். நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருவதாக வருபவர்கள் முதலில் பித்தளை விளக்கைத் துலக்கிக் காட்டி நம்பிக்கை பெறுவார்கள். பிறகு தங்கச் சங்கிலியை அமிலக் கலவையில் முக்கி எடுக்கும்போது, தங்கத்தில் ஒரு பகுதி கரைந்து அவர்கள் பாத்திரத்திலேயே தங்கிவிடும். சங்கிலி பளபளப்பாகத் திரும்பி வருவதால், எடை குறைந்தது பிறகுதான் தெரியவரும்.

ஊருக்குச் செல்லும்போது உள்ளூர்க் காவல் நிலையத்தில் தகவல் சொன்னால், ரோந்து வரும்போது வீட்டைக் கவனிப்பார்கள். பால், செய்தித்தாளை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு பகிருங்கள். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பதே நல்லது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கியின் கவனக்குறைவால் திருட்டு நேர்ந்தால் அதன் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். ஆயிரக்கணக்கில் வாடகை கட்டி, பல லட்சம் மதிப்புள்ள நகையை வைப்பவர்கள் தனியே காப்பீடு எடுப்பது உத்தமம்.

நள்ளிரவில் ஆள் புகுந்துவிட்டால் எல்லோரும் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டு, 100 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அதற்காகவே ஒரு படுக்கையறைக் கதவில் வலுவான தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டமும் தற்காப்பு உரிமையை அங்கீகரிக்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனிடம் அது இன்னும் விரிவானது. ஆனாலும் வந்தவன் கையில் என்ன இருக்கிறது, வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இருட்டில் தெரியாது. ஆகவே பீரோவைக் காக்க யாரும் அறையை விட்டு வெளியே போக வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.