பாதிப் பேருக்கு நீரிழிவு போய்விட்டதாமே, நானும் சேரலாமா?

கேள்வி: வயது 54, சிங்கப்பூர் யீஷூனில் இருக்கிறேன். நீரிழிவு வந்து மூன்று வருடம் ஆகிறது. மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7.6. வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு 'நீரிழிவுப் பயிற்சியாளர்' 12 வாரத்துக்கு 1,800 வெள்ளி கேட்கிறார். சோற்றை அடியோடு விட்டு, அவர் தரும் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டுமாம். பிரிட்டன் ஆய்வில் பாதிப் பேருக்கு நோயே போய்விட்டது என்கிறார். சேரலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். அதைவிட அவசரமானது ஒன்று: டாக்டரைப் பார்க்கும்வரை சோற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

அவர் சொல்லும் ஆய்வு உண்மைதான். டைரக்ட் என்று பெயர், 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சுமார் 300 பேர். அதில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம்வரை தினமும் ஏறக்குறைய 850 கலோரிக்கு சூப்பும் ஷேக்கும் மட்டும், அப்புறம் படிப்படியாகச் சாப்பாடு. ஒரு வருடம் கழித்து அவர்களில் 46 சதவீதத்தினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது. இரண்டாம் வருடம் அது 36 ஆனது. விற்பவர்கள் வாயில் இந்த இரண்டாவது எண்ணை நான் கேட்டதே இல்லை. 15 கிலோவும் அதற்கு மேலும் இளைத்தவர்களுக்குத்தான் பலன் மிக அதிகம். வேலை செய்தது எடைக்குறைப்பு. எந்த டப்பா மாவு என்பதில் ஒன்றுமில்லை.

விற்பவர் விழுங்கிவிடும் இன்னொரு விஷயம்: அந்த ஆய்வில் நீரிழிவு மாத்திரைகளை முதல் நாளே மருத்துவக் குழு நிறுத்திவிட்டது. உங்கள் மாத்திரைகளை யார் நிறுத்தப்போகிறார்கள்?

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் சோற்றைக் குறைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிளிபிசைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். தட்டில் சோறு இல்லை, மாத்திரை மட்டும் உள்ளே போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். போன வருடம் என்னிடம் வந்த ஓர் அக்கா, காலையில் மாவுக் கரைசலோடு மாத்திரையும் போட்டுக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போயிருக்கிறார். மீன் கடையில் சட்டை நனைய வியர்த்து, கையிலிருந்த சில்லறையை எண்ண முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் தே வாங்கித் தர ஓடினால், இவர் "எனக்கு நீரிழிவு, தே ஓ கோசோங் போதும்" என்றாராம், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றுவதே சர்க்கரைதான்! பயிற்சியாளரிடம் கேட்டதற்கு "உடம்பு நச்சை வெளியேற்றுகிறது" என்று பதில் வந்திருக்கிறது.

கைநடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உடனே விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை மானி கையில் இல்லையென்றால் முதலில் குடியுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதேதான்.

அடுத்த முறை டாக்டரிடம் "எடை குறைக்கப் போகிறேன், கிளிபிசைடைக் குறைக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். அவர் கண் திரையில் இருக்கும், வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள், கையில் ஒரு துண்டறிக்கையைத் திணிப்பார். அதில் சால்மன் மீன் இருக்கும், இட்லியும் மீன்குழம்பும் இருக்காது. உணவியல் நிபுணரைப் பார்க்கவோ வாரக்கணக்கில் வரிசை. இந்தச் சந்தில்தான் பயிற்சியாளர்கள் கடை போடுகிறார்கள். ஆனாலும் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய், பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

மற்றபடி சோறு தட்டில் கால் பங்கு இருக்கட்டும், காய் பாதி, மீனோ பருப்போ மீதி. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை ஏற்றம் குறைவதைச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசு செலவில்லாத வழி. கேழ்வரகு மாவைக் கஞ்சியாக்கிக் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பதில் லாபமில்லை. குளிர்பானம் வாங்கும்போது நியூட்ரி-கிரேட் எழுத்தை (ஏ முதல் டி வரை உள்ள தர முத்திரை) பாருங்கள்: டி என்றால் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்களா? ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள்.